ஓநாயின் மேல் பழி

பேய் உண்டா, இல்லையா என்று வழக்காடுவது நம் நோக்கமன்று. பேய்க்கதை நமக்கு ஏன் இனிக்கிறது என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட கேள்வி. அதிலும் ஒரு குறிப்பிட்ட வகைக் கதையைப் பற்றியே பேச விரும்புகிறோம். இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர் ஒன்று. அங்கே ஒரு சாவு. கொன்றது பழைய சாபமோ, ஆவியோ என்று ஊர் கிசுகிசுக்கிறது. கடைசிப் பக்கங்களில் உண்மை வெளிப்படுகிறது. பனி பெய்து பார்த்தறியாத காவிரிப் படுகைக்காரர்கள், இஷாத் தொழுகைக்குப் பின் விரித்த அந்தப் புத்தகத்தைத் தஹஜ்ஜுத் நேரம் வரை மூட மனமில்லாமல் இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் திரும்பிய சபராளிகளின் பெட்டிகளில், அத்தர்ச் சீசாக்களுக்கும் கைலிகளுக்கும் இடையே அகதா கிறிஸ்டியின் நாவல்களும் வந்திறங்கியதுண்டு.

மார்க்கப் பற்றுள்ள பெரியவர்கள் சிலர் இதனை வீண் பொழுதுபோக்கு என்பர். ஈமானுக்கு ஆகாது என்றும் சொல்வர். படித்த இளைஞர்களோ, கதைதானே என்று கடந்துபோவர். இரண்டுமே அவசர விடைகள் என்பது நம் எண்ணம்.

இக்கதைகளில் வரும் ஊரை முதலில் பார்ப்போம். பாதிரியாரின் வீடு, மருத்துவர், நிலக்கிழாரின் மாளிகை, தபால் நிலையம், சில கடைகள். 1930இல் வெளியான நாவல் ஒன்றில் அகதா கிறிஸ்டி, மிஸ் மார்ப்பிள் என்னும் மூதாட்டியை நாவல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். செயிண்ட் மேரி மீட் என்னும் கற்பனைச் சிற்றூரைவிட்டு அதிகம் வெளியே போகாதவர், கையில் பின்னல் ஊசி, காவல்துறையுடன் தொடர்பில்லை. எவ்வளவு பெரிய குற்றவாளியைக் கண்டாலும், தம் ஊரில் முன்பொருகால் சில்லறைத் திருட்டோ சிறு பொய்யோ செய்த ஒருவரின் நினைவு அவருக்கு வந்துவிடும். அந்தச் சிறு மனிதரின் குணத்தை அளவுகோலாகக் கொண்டு பெரிய குற்றவாளியை அளந்துவிடுவார். அவருடைய துப்பறியும் முறை முழுவதும் இதுதான்.

இந்த முறை நமக்குப் புதிதா? எந்த வீட்டில் எப்போது அடுப்புப் புகைந்தது என்பதைக் கொண்டே அந்த வீட்டின் வரவு செலவைச் சொல்லிவிடும் நன்னிமார் நம் பள்ளிவாசல் தெருக்கள்தோறும் இருந்தனர். ஒரே வாய்க்காலில் குளித்து, ஒரே களத்துமேட்டில் நெல் தூற்றி, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் ஊர்களில் ஒருவரைப் பற்றி மற்றவர் அறியாதது மிகக் குறைவு. அப்படியிருந்தும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு மர்மம் இருக்கிறது. எல்லோரும் எல்லாவற்றையும் அறிந்த இடத்தில் ஒன்று மட்டும் எப்படி மறைந்திருக்கிறது? அறியாமையால் அன்று, வாய் திறவாமையால். இங்கிலாந்துச் சிற்றூர்க் கதை நம் நெஞ்சில் தைப்பதற்கு இந்த ஒற்றுமை ஒரு காரணம் எனலாம்.

இனி, அந்த ஆவியின் சாயலுக்கு வருவோம். கானன் டாயில் எழுதிய பாஸ்கர்வில் வேட்டை நாயின் கதை 1901, 1902 ஆண்டுகளில் தொடராக வந்தது. டார்ட்மூர் என்னும் சதுப்பு மேட்டுநிலம். ஒரு பழங்குடும்பத்தைத் தலைமுறைகளாகத் தொடரும் நரக நாய் என்று ஒரு பழங்கதை. இரவில் வாயிலிருந்து நெருப்பு கக்கும் உருவம். ஷெர்லாக் ஹோம்ஸ் இறுதியில் கண்டது உண்மையான நாயைத்தான். அதன் முகத்தில் பாஸ்பரஸ் கலவை பூசப்பட்டிருந்தது. சொத்தின்மேல் கண் வைத்த உறவினன் ஒருவன், ஊர் நம்பிய பழங்கதையைத் தன் கொலைக்கருவி ஆக்கிக்கொண்டான். இங்கே நாம் கவனிக்க வேண்டியது பாஸ்பரசை அன்று. அந்தப் பழங்கதை முன்பே ஊரில் இருந்திராவிட்டால், பாஸ்பரஸ் பூசிய நாய் வெறும் நாயாகவே இருந்திருக்கும். ஊரின் அச்சம் என்னும் விளைந்த வயலில் அவன் அறுவடை செய்தான், அவ்வளவே.

நம் படுகையிலும் கொள்ளிவாய்ப் பிசாசு உண்டு. முத்துப்பேட்டைச் சதுப்பை ஒட்டிய ஊர்களிலும், ஐப்பசி கார்த்திகை மழையில் நீர் தேங்கிய தாழ்நிலங்களிலும் இரவில் தீ அலைவதைக் கண்டதாகச் சொல்லாத கிழவர்கள் குறைவு. அழுகிய தாவரப் பொருள்களிலிருந்து கிளம்பும் வாயுவே அது என்று அறிவியலார் விளக்குவர். விளக்கம் இருக்கட்டும். இரவில் வயல்பக்கம் போகாதே என்ற அச்சத்தால் ஊரே கதவடைத்துக் கிடக்கும்போது, யாருக்கு அது வசதி? முறையில்லாத நேரத்தில் மடையைத் திறந்துகொள்பவனுக்கு. களத்தில் காவலின்றிக் கிடக்கும் நெல்லை அள்ளுபவனுக்கு. தன் வயலுக்கு நீர் வரவில்லையே என்று மறுநாள் கடைமடைக்காரன் வயிறெரிவான். புளியமரத்து முனியைத்தான் நொந்துகொள்வான். இந்த வகை நாவலை ஊன்றிப் படித்தவர் முனியை விட்டுவிட்டு, யாருடைய வயலில் ஈரம் என்று பார்ப்பார்.

இந்தக் கதைகளை எழுதியவர்களைப் பற்றி ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. துப்பறியும் கதையில் அமானுஷ்ய ஆற்றலுக்கு இடம் கொடுக்கலாகாது என்று 1929இல் விதி வகுத்தவர் ரொனால்டு நாக்ஸ். அவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். அற்புதங்களை நம்புவது அவர் சமயக் கடமை. செஸ்டர்டனின் பிரவுன் பாதிரியாரும் அப்படியே: மற்றவர்கள் பேய், சாபம் என்று மிரளும்போது, கடவுள் நம்பிக்கையுள்ள அவர்தான் மனிதக் கையைத் தேடுவார். மாறாக, ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் முதுமையில் ஆவியுலகத் தொடர்பை முற்றும் நம்பியவர். காட்டிங்லி என்னும் ஊரில் இரு சிறுமியர் 1917இல் எடுத்த தேவதைப் படங்களை உண்மையென்று ஏற்று, 1920இல் உலகறிய எழுதினார். படங்களில் இருந்தவை காகிதத்தில் வெட்டிய உருவங்கள் என்பதை அச்சிறுமியர் 1983இல், கிழவிகளாகிய பின்னரே ஒப்புக்கொண்டனர். மறைவானவற்றை நம்புவதும், கண்ணெதிரே நடப்பதற்கெல்லாம் மறைவானவற்றைக் காரணம் காட்டுவதும் வெவ்வேறு என்பதற்கு இவர்களைவிட நல்ல சான்று வேண்டா.

நமக்கும் இந்த வேறுபாடு இன்றியமையாதது. மறைவானவற்றின் மீது நம்பிக்கை கொள்வது நம் ஈமானின் பகுதி. ஜின்கள் என்னும் படைப்பு உண்டென்று திருமறை கூறுகிறது. அப்பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஆனால் மறைவானவற்றின் அறிவு இறைவனிடமே உள்ளது என்பதையும் அதே மறைதான் கூறுகிறது. இன்னாருடைய சாவு ஜின்னால் நேர்ந்தது, இன்னாள் மீது இன்னது ஏறியிருக்கிறது என்று அடித்துச் சொல்பவர், தம்மிடம் இல்லாத அறிவுக்கு உரிமை கொண்டாடுகிறார்.

யூசுபு நபி (அலை) அவர்களின் வரலாற்றை இந்த நோக்கில் எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. சகோதரர்கள் தம்பியைக் கிணற்றில் தள்ளிவிட்டு, பொய்யான இரத்தம் தோய்ந்த சட்டையுடன் தந்தையிடம் அழுதுகொண்டு வருகின்றனர். ஓநாய் தின்றுவிட்டது என்கின்றனர். யாகூபு நபி (அலை) அவர்கள் நம்பவில்லை. ஆளைத் தின்ற ஓநாய் சட்டையைக் கிழிக்காமல் விட்டதே என்று அவர்கள் வியந்ததாக விரிவுரையாளர்கள் கூறுவர். இது உங்கள் உள்ளங்கள் புனைந்தது என்ற கருத்துப்பட அவர்கள் மறுமொழி சொன்னார்கள். பின்னர் மிசுரு நாட்டில், அஜீஸின் வீட்டில், மீண்டும் ஒரு சட்டை சான்றாகிறது. முன்புறம் கிழிந்திருந்தால் அவர் குற்றவாளி, பின்புறம் கிழிந்திருந்தால் அவள் பொய் சொல்கிறாள் என்று அவள் குடும்பத்தைச் சார்ந்த ஒருவரே சோதனை முறையை வகுத்துத் தருகிறார். மூன்றாவதாக ஒரு சட்டை வருகிறது. அது தந்தையின் முகத்தில் போடப்பட்டவுடன் இழந்த பார்வை திரும்புகிறது. முதலிரண்டு சட்டைகளும் அறிவால் ஆராயத்தக்கவை, மூன்றாவது அற்புதம். அற்புதத்துக்கு இடமுள்ள அந்த வரலாற்றிலேயே, குற்றத்தை ஆராயும் இடத்தில் அற்புதம் குறுக்கிடவில்லை. செய்யாத கொலைக்குப் பழி சுமந்த அந்த ஓநாய்தான் உலகக் கதைகளின் நரக நாய்களுக்கெல்லாம் முன்னோடி என்று நமக்குத் தோன்றுகிறது.

நபிபெருமானார் (ஸல்) அவர்களின் அருமை மகனார் இபுறாகீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தது. நபிமகனின் மறைவுக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினர். சூரியனும் சந்திரனும் இறைவனின் சான்றுகள். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை மறைவதில்லை என்று பெருமானார் (ஸல்) திருத்தினார்கள். துயருற்ற ஒரு தந்தைக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கக்கூடிய பேச்சு அது!

மர்மக் கதை நம் மண்ணுக்குப் பின்னாளில் இறக்குமதியானது என்று எண்ணுவோர்க்கு, மன்னார்குடியை அடுத்த வடுவூரை நினைவூட்டுகிறோம். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் தமிழ்நாட்டையே ஆட்டிவைத்த வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் அவ்வூர்க்காரர். ஆங்கிலக் கதைப்போக்குகளைத் தழுவி, அவற்றைக் கும்பகோணத்து வக்கீல்களும் தாசில்தார்களும் நடமாடும் உலகமாக்கினார். அவருடைய திகம்பர சாமியாரில் துப்பறிபவரே ஒரு சாமியார்தான். 1950இல் அது திரைப்படமானபோது நம்பியார் பல வேடங்களில் தோன்றினார். மேனகா நாவலோ நாடகமாகி, 1935இல் படமாகவும் வந்தது. வஞ்சகத்தால் விற்கப்பட்டு, மரக்காயர் ஒருவரின் வீட்டில் அடைபட்ட மேனகாவைக் காப்பாற்றுபவள் நூர்ஜஹான். அந்த மரக்காயரின் படைப்பு நமக்கு மகிழ்ச்சி தருவதன்று. ஆயினும் ஐயங்கார் எழுதிய கதையில் அபயம் தரும் கை ஒரு முஸ்லிம் பெண்ணின் கையாக இருந்ததை மறக்கவும் முடியாது. நாவல் படிப்பதே பெண்களுக்குத் தகுமா என்று நம் வீடுகளில் பேசிக்கொண்டிருந்த அக்காலத்தில்தான், 1938இல், நாகூர்ச் சித்தி ஜுனைதா பேகம் தாமே ஒரு நாவலை எழுதி வெளியிட்டார்.

இதுவரை கூறியவற்றால், பேய் என்பது கொலைகாரனின் போர்வை, அதை உருவிவிட்டால் போதும் என்று வாசகர் முடிவு கட்டக்கூடும். இங்கிலாந்தைப் பொறுத்தவரை அஃது ஏறத்தாழச் சரி. நம் நாட்டில் காரியம் அவ்வளவு எளிதன்று. இங்கே பேயாகவும் சிறுதெய்வமாகவும் அஞ்சி வணங்கப்படுபவர் பலர், கொன்றவர் அல்லர், கொல்லப்பட்டவர். ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுவேற்றப்பட்ட காத்தவராயனின் கதை காவிரிக் கரை ஊர்களில் கூத்தாக நடக்கிறது. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரன் எல்லையில் காவல் நிற்கிறான். இவர்களை வணங்குவது நம் சமயத்தில் இல்லை. ஆனால் அந்தக் கதைகளைச் சொல்லிவந்த ஏழை மக்கள் சொல்ல நினைத்ததை நாம் காதுகொடுத்துக் கேட்கலாம். அநியாயமாக ஒருவன் கொல்லப்பட்டான், ஊர் வாய்மூடி இருந்தது, ஆனால் அவன் போய்விடவில்லை என்பதே அவர்கள் சொன்னது.

1968 டிசம்பர் 25 இரவு, அந்நாளைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், நெற்கூலியை உயர்த்தக் கேட்ட உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ்நீதிமன்றம் நிலக்கிழார் தரப்பினரைத் தண்டித்தது, உயர்நீதிமன்றம் விடுவித்தது. கும்பகோணத்தில் வளர்ந்த இந்திரா பார்த்தசாரதி இதனை அடியாகக் கொண்டு எழுதிய குருதிப்புனல் 1977இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. அங்கே பேயும் இல்லை, மர்மமும் இல்லை. யார் என்பது ஊருக்குத் தெரியும். செயிண்ட் மேரி மீட்டில் கடைசி அத்தியாயம் ஒருநாளும் தவறுவதில்லை. நம் படுகையில் அந்த அத்தியாயம் எழுதப்படாமலே புத்தகம் மூடப்பட்டதுண்டு. இங்கிலாந்துக் கதை நமக்கு இனிப்பதன் ஆழத்தில் இந்தப் பசியும் இருக்கிறது என்றே கருதுகிறோம்.

ஆகவே, ஒரு பேய்க்கதையைக் கேட்டவுடன் பேய் உண்மையா என்பதைவிட, இதைச் சொல்பவர் யார், இதனால் தப்பிப்பவர் யார் என்று கேட்பதே தகும். நம் திரைப்படங்கள் பலவற்றில் ஆவி வந்து கயவரைக் கழுத்தை நெரித்து முடித்துவிடுகிறது; மக்களும் கைதட்டிவிட்டு வீடு திரும்புகின்றனர். ஊர் செய்ய வேண்டிய வேலையை ஆவியின் தலையில் கட்டும் இந்தக் கதைகளில் நமக்கு உடன்பாடில்லை. திருவரங்கத்தில் வளர்ந்த சுஜாதா, 1980களின் தொடக்கத்தில் எழுதிய கொலையுதிர் காலத்தில், அறிவியலா ஆவியா என்று கணேஷையும் வசந்தையும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிறுத்தி, ஐயத்தை முற்றும் தீர்க்காமல் விட்டார். 1990களின் பிற்பகுதியில் தொலைக்காட்சியில் வந்த இந்திரா சௌந்தர்ராஜனின் விடாது கருப்பு, காவல்தெய்வம் தண்டிக்கிறது என்று நம்பும் ஊரையும் மனநோய் மருத்துவத்தையும் எதிரெதிரே வைத்தது. குறைகள் உண்டெனினும், இவை கேட்பவரைச் சிந்திக்கவிடுகின்றன.

வீண் பொழுதுபோக்கு என்ற குற்றச்சாட்டுக்கு ஒரு நிகழ்ச்சியே விடை தரும். அகதா கிறிஸ்டி 1961இல் எழுதிய வெளிறிய குதிரை என்னும் நாவலில், சிற்றூர்ப் பழஞ்சத்திரம் ஒன்றில் வாழும் மூன்று பெண்கள் மந்திரத்தால் ஆட்களைக் கொல்வதாக நம்பப்படுகிறது. உண்மையில் சாவுக்குக் காரணம் தாலியம் என்னும் நஞ்சு. தலைமுடி கொட்டுவது அதன் அடையாளம். 1977இல், கத்தார் நாட்டிலிருந்து இலண்டன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பச்சிளங்குழந்தை, நோய் இன்னதென்று தெரியாமல் உயிருக்குப் போராடியது. அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த செவிலியர் ஒருவர், குழந்தையின் முடி உதிர்வதைக் கண்டு தாலியமாக இருக்கலாம் என்றார். சோதித்தனர், அதுவேதான். வீட்டில் பூச்சி கொல்ல வைத்த மருந்திலிருந்து நஞ்சு ஏறியிருந்தது. குழந்தை பிழைத்தது. அந்தக் குழந்தையின் தலைமாட்டில் கண்ணேறு கழித்துக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே நடுக்கமாக இருக்கிறது.

எண்ணிப் பார்க்கத் தேவையின்றியே நாம் கண்ட நடுக்கமும் ஒன்றுண்டு. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், தனியார் நடத்திய ஓலைக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. அதனுள் மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். எல்லோரும் தப்பியோட, அவர்களால் மட்டும் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். நம் படுகையில் முத்துப்பேட்டை தர்காவுக்கும், கொள்ளிடக் கரைக் குணசீலம் கோயிலுக்கும் இத்தகையோரைக் குடும்பத்தார் நெடுங்காலமாக அழைத்துச் சென்று வருகின்றனர். துஆக் கேட்பதை நாம் குறை கூறவில்லை. வேறு கதியில்லாத ஏழைகள் போகும் இடமும் அதுதான். ஆனால் பிடித்தது ஜின்னென்று சொல்லப்பட்டதே தவிர, சங்கிலியைப் பூட்டியது மனிதக் கைதான். மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடுத்துவிட்டது.

சட்டம் சங்கிலியைத்தான் தடுக்க முடியும். வீட்டுக்குள் நடக்கும் பேச்சைத் தடுக்க இயலாது. நம் தெருக்களில் ஏதோ பிடித்திருக்கிறது என்று சொல்லப்படுபவர்கள் பெரும்பாலும் யாரென்று நாம் அறிவோம். கிழவர்கள் அல்லர், சொத்துள்ள ஆண்கள் அல்லர். நிக்காஹ் முடிந்த சில வாரங்களில் கணவன் வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிட, புகுந்த வீட்டின் பின்கட்டில் தனித்துவிடப்பட்ட பத்தொன்பது, இருபது வயதுப் பெண்கள். அத்தகைய வீட்டுக்குள் மிஸ் மார்ப்பிளோ, நம் பழைய நன்னிமாரில் கூர்த்த மதியுள்ள ஒருவரோ நுழைந்தால், தாயத்து யாரிடம் வாங்கியது என்று விசாரித்துக்கொண்டிருக்கமாட்டார். பின்னலையோ பாக்குவெட்டியையோ மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்து, அவள் மயங்கி விழுவது யார் வீட்டில் இருக்கும்போது, கைப்பேசியில் அவனிடமிருந்து அழைப்பு வந்த அன்றா, வராத அன்றா, கொண்டுவந்த நகை இப்போது யாருடைய பெட்டியில் இருக்கிறது, தாய்வீட்டுக்கு அவள் கடைசியாகப் போனது எப்போது, போகவிடாதவர் யார் என்று, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்பார்.